அருக்காணியின் ஆறு கிட்டார்

வங்காளத்துக் கப்பல் துறையான கார்டன் ரீச்சில் மின்விசிறிக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த அருக்காணி கிட்டார் செய்யப் போனாள் என்றால், அதற்கு ஒரு வங்காளி பாட்டு வாத்தியார்தான் காரணம். இருபது வருஷம் இருக்கும். அவர் தன் ஹவாயன் கிட்டாரைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து, "பௌதி, சத்தமே வரலை, கொஞ்சம் பாருங்க" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுக் கடை மேஜைமேல் கிடத்தினார்.

கம்பிகளுக்கு அடியில், அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பை அவள் திறந்தாள். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி, எங்கேயோ அறுந்துபோய்.

"இவ்வளவுதானா? நம்ம ஃபேன் மாதிரிதான்" என்றாள்.

அப்படிச் சொன்ன வாயை, கம்பி மூன்று தடவை அறுந்து மூட வைத்தது. நாலாவது தடவை சுற்றி முடித்துத்தான் எழுந்தாள். அவள் பிறவி அப்படி. எடுத்த வேலையைக் கீழே வைக்கத் தெரியாது.

அப்புறம் வாத்தியார்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மடியில் படுக்க வைத்து, ஒரு இரும்புக்கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கிற கிட்டாருக்கு அந்த ஊரில் அத்தனை பிரியம். கப்பல் பட்டறையில் தச்சுவேலை பார்த்த புருஷன் பாபு ஒரு நாள், "நீ சுத்து, நான் மரத்தைச் செதுக்கறேன்" என்றான். விசிறிக் கடை கிட்டார்ப் பட்டறையானது. செய்ததிலெல்லாம் 'அருக்காணி' என்றே பேர் போட்டாள். இங்கிலீஷ்காரன் பேர் ஏதாவது போடச் சொன்னவர்களிடம், "செஞ்சவ நானு, பேர் அவனுதா?" என்று கேட்டு வாயடைத்தாள்.

ஆனால் காலம் மாறியது. மடியில் வைத்து வாசிக்கிறவர்கள் குறைந்தார்கள். பிள்ளைகளுக்கு நின்றுகொண்டு, தோளில் மாட்டி, விரலால் அழுத்தி வாசிக்கிற கிட்டார்தான் வேண்டும். போன வருஷம் லேக் மார்க்கெட்டில் வாத்தியக்கடை வைத்திருக்கும் பட்டாபி, துர்கா பூஜை விற்பனைக்கு அந்த மாதிரி ஆறு கேட்டார். அது சரியாக அமைந்தால் பட்டறை நிற்கும். அமையாவிட்டால் மறுபடி விசிறிதான். இது அருக்காணிக்கும் தெரியும், பாபுவுக்கும் தெரியும்.

ஆறையும் செய்தார்கள். அருக்காணி ஒவ்வொன்றையும் மடியில் கிடத்தி, இரும்புக்கட்டையை ஓட்டிப் பார்த்தாள். தேனாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆறும் திரும்பி வந்தன. கூடவே பட்டாபியும், ஜாதவ்பூரில் படிக்கிற பிரியங்கா என்ற பெண்ணும். அவள் ஒரு இசை பேண்டில் வாசிக்கிறவள்; அந்த ஆறையும் கடையில் வாசித்துப் பார்த்தவள். சித்தி என்று முறை வைத்துக் கூப்பிட்டு இடது கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவந்து வெட்டுப்பட்டிருந்தது.

"காக்கிமா, இது கிட்டாரா, துணி காயப்போடற கொடியா? கம்பி இவ்ளோ உயரத்துல நிக்குது. அழுத்தவே முடியல."

அருக்காணி குனிந்து பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. ஹவாயன் கிட்டாரில் இரும்புக்கட்டை போய் மரத்தில் இடிக்கக் கூடாது என்று கம்பியைத் தூக்கித்தான் கட்டுவார்கள். இருபது வருஷப் பழக்கம். கிட்டாரின் கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் எலும்புத்துண்டைக் கை தானாகவே அதே உயரத்துக்கு வைத்துவிட்டது. சோதித்ததும் அதே கட்டையால். பிறகு எங்கிருந்து தப்பு தெரியும்?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா வெளியில வாங்கிக்கறேன்" என்றார் பட்டாபி. "கோவிச்சுக்காதீங்கோ. நீங்க ஹவாயனோட இருந்துடுங்கோளேன்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. காப்பியும் போட்டு வெக்கறேன்" என்றாள் அருக்காணி.

அவர்கள் போனதும் பாபு சிரித்தான். "ஏம்புள்ள, ரோஷத்துல காப்பி வேற சொல்லிட்ட."

"சிரிக்காதீங்க. அரத்தை எடுங்க."

எலும்புத்துண்டை அராவிக் கம்பியை இறக்கினார்கள். இறக்கியதும் புதுத் தொல்லை. எங்கே அழுத்தினாலும் வண்டு பறக்கிற இரைச்சல். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் மேடும் பள்ளமுமாக இருந்தன. ஹவாயனில் அவை வெறும் அடையாளம். கம்பி அவற்றைத் தொடுவதே இல்லை. இத்தனை வருஷத்தில் அவற்றைச் சமமாக்க யாருக்கும் தோன்றவில்லை.

அருக்காணி இரும்புக்கட்டையை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"இனி விரல்தான்" என்றாள்.

பாபு பட்டைகளைத் தேய்ப்பான். அவள் அழுத்துவாள். ஒரு கிட்டாருக்கு ஆறு கம்பி, இருபத்திரண்டு பட்டை. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பட்டையிலும் அழுத்தி, மீட்டி, காது கொடுத்தாள். இரைந்தால் சாக்பீஸால் புள்ளி. மறுபடி தேய்ப்பு. செம்புக்கம்பி பழகிய விரல்தான், ஆனாலும் வெள்ளிக்கிழமை சாதம் பிசையும்போது எரிந்தது.

"போதும், நான் அழுத்தறேன்" என்றான் பாபு.

"உங்க விரல் உளி பிடிச்சு மரத்துப்போச்சு. அதுக்கு வலிக்காது. வலிக்கிற விரல்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு ஸ்பூனால் சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை இருவரும் வந்தார்கள். காப்பி தயாராக இருந்தது. பிரியங்கா முதல் கிட்டாரைத் தோளில் மாட்டி, ஒலிபெருக்கியில் வயரைச் செருகி, பயந்து பயந்து விரல் வைத்தாள். கம்பி சுலபமாக அழுந்தியது; பயம் போய்விட்டது. மேலிருந்து கீழ்வரை ஓட்டி, கம்பியை வளைத்து இழுத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை வாசித்தாள்.

"காக்கிமா, தாருண்! அருமை!" என்றாள்.

பட்டாபி தலையை ஆட்டிக்கொண்டே எண்ணினார். "அஞ்சுதான் இருக்கு. ஆறாவது?"

"அது இன்னும் ஆகலீங்க. பன்னெண்டாவது பட்டையில மெல்லிசா இரையுது."

ஆறாவதை வாங்கி வாசித்த பிரியங்காவுக்கு இரைச்சல் கேட்கவில்லை. பட்டாபி வாங்கி மீட்டிப் பார்த்தார்; அவருக்கும் கேட்கவில்லை.

"பிரமாதமா இருக்கேம்மா! யாருக்குத் தெரியப்போறது? குடுங்கோ. ஜன்னல்ல ஆறு மாட்ட இடம் பண்ணி வெச்சிருக்கேன்."

"கட்டையால பாத்தப்பவும் பிரமாதமாத்தான் இருந்துச்சு" என்று அருக்காணி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அஞ்சை மாட்டுங்க. இது புதன்கிழமை வரும்."

"புதன்கிழமையும் இரைஞ்சா?"

"வியாழக்கிழமை வரும்."

பட்டாபி பாபுவைப் பார்த்தார். பாபு இரண்டாவது காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அரத்தைத் துடைக்கப் போனான். அருக்காணி அதற்குள் பன்னிரண்டாவது பட்டையில் சாக்பீஸ் புள்ளி வைத்துவிட்டாள்.