வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகாது

1991-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஸ்டெபிலைசர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஒரு கிராமம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் எதற்காக நாடு முழுக்க அடிபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒரு பழைய கீபோர்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் எழுத உட்கார்ந்தவுடனே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் பெரிய விழா. வருஷா வருஷம் ஆண்கள் வெளியிலிருந்து ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டி வருவார்கள், மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பெண்களுக்கு என்ன வேலை? கோலம் போடுவது, பொரி பொட்டலம் கட்டுவது. அந்த வருஷம் எங்கள் அசெம்பிளி லைன் பெண்கள் சேர்ந்து போய், மேடையில் எங்களுக்கும் அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டுவிட்டோம். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சிரிப்புதான் எங்களுக்கு ரோஷத்தைக் கிளப்பியது. பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு ஆர்மோனியம் வாசித்தவள் நான். அதனால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ரெண்டாயிரம் ரூபாய் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு கீபோர்டு வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அந்தக் காலத்தில் அது எங்களில் ஒருத்தியின் இரண்டு மாசச் சம்பளத்துக்கும் மேல்.

குன்றத்தூரில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், மெல்லிசைக் குழு வைத்திருந்த ஒருவர் கீபோர்டு விற்கிறார் என்று கம்பெனி வேன் டிரைவர் சொன்னார். லைனில் என் பக்கத்து சீட் தோழியைக் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். வெள்ளிக்கிழமை ஏன் என்றால், அப்போது கரண்ட் தட்டுப்பாடு. கம்பெனிகளுக்கு வார லீவை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு வெள்ளி.

அவர் பத்து நிமிஷம் வாசித்துக் காட்டினார். நன்றாகவே இருந்தது. நான் பணத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வூட்டுக்கு லட்சுமி வந்துகீது" என்று சாமி படத்தின் கீழே வைத்தார். அந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியில் என் வேலையே ஏஜிங். அதாவது, செய்து முடித்த ஸ்டெபிலைசர்களை ரேக்கில் அடுக்கி, மணிக்கணக்காக ஓடவிட்டு, சூடேறிய பிறகும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. சூடேறாமல் எதையும் பாஸ் பண்ணாதவள், பத்து நிமிஷப் பாட்டைக் கேட்டு ரெண்டாயிரத்தை எடுத்து நீட்டினேன்!

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் முதல் ஒத்திகை. அரை மணி நேரம் போயிருக்கும். திடீரென்று ஒரு சுரம் அப்படியே பிடித்துக்கொண்டது. கையை எடுத்தேன், நிற்கவில்லை. ஸ்விட்சை அமுக்கினேன், நிற்கவில்லை. எழவு விழுந்த வீடு மாதிரி ஒரே அலறல். பிளக்கைப் பிடுங்கினால்தான் அடங்கியது. ஆறவைத்துப் போட்டால் நன்றாகப் பாடும். அரை மணி கழித்து மறுபடி அலறும். கேன்டீனில் இருந்த ஆண்கள் சிரித்த சிரிப்பை என் தோழி இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கீபோர்டைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டோம். அந்த வருஷம் இருந்த நிலைமையில், வயர் தொங்கும் பெட்டியோடு ஒரு பெண் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் போலீஸ் விடுமா? பெட்ஷீட்டைப் பிரி, பெட்டியைத் திற, எங்கே போகிறாய், யார் வீட்டுப் பெண். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து நான் பெட்டியைத் திறந்து காட்டினேன். இந்தக் கூத்து ஒரு தடவையோடு முடியவில்லை. போகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடந்தது.

குன்றத்தூரில் அவர் பிளக்கைப் போட்டு, கை சுழற்றி ஒரு பாட்டு வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பஸ்ஸில் வந்து ஆறிப்போன பெட்டி, சமர்த்தாகப் பாடியது.

"இன்னாம்மா கெட்டுப் போச்சு இதுல? கோளாறு உங் கையில கீது, பொட்டியில இல்ல."

அரை மணி நேரம் ஓடவிடுங்கள் என்று கெஞ்சினேன். கரண்ட் பில்லை உங்கப்பாவா கட்டுவார் என்று கேட்டார். என் அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது அவருக்குத் தெரியாதுதான். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. கடைசியில், "பொம்பளைங்ககிட்ட இன்னா பேச்சு, வூட்டு ஆம்பளைய கூட்டினு வா" என்று கதவைச் சாத்தினார். பணம் வாங்கும்போது நான் பொம்பளை என்று தெரியவில்லையா இவருக்கு?

அதற்கடுத்த வெள்ளி மறுபடி போனேன். பணம் வாங்காமல் நகர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றேன். தெருவில் நாலு பேர் பார்க்க ஆரம்பித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சரி, பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை பணம் வீட்டை விட்டு வெளியே போகாது, நாளைக்கு வா என்றார்.

என் வீட்டிலும் அம்மா வெள்ளிக்கிழமை யாருக்கும் காசு கொடுக்க மாட்டார். அந்தப் பழக்கத்தை எதிர்த்து நான் என்ன பேசுவது? மற்ற நாளில் ஷிப்ட் முடிந்து குன்றத்தூர் போய்விட்டு ஊர் திரும்ப பஸ் கிடையாது. வெள்ளி தவிர எங்களுக்கு லீவு இல்லை என்று தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னார். நானும் விடவில்லை. அட்டெண்டன்ஸ் போனஸ் போனால் போகிறது என்று மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனேன். அவர் மனைவி உள்ளே இருந்தபடியே, அவர் ஊரில் இல்லை, காஞ்சிபுரம் போயிருக்கிறார் என்றார். அவர் செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்து என்ன செய்யத் தோன்றியது என்பதை எழுதினால் நன்றாக இருக்காது.

இதற்குள் லைனில் முணுமுணுப்பு வந்துவிட்டது. யாரும் நேரில் கேட்கவில்லை. நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். ரெண்டாயிரத்துக்கு வாங்கினேன் என்று சொன்னது நிஜமா, இல்லை குறைத்து வாங்கிவிட்டு மீதியைப் போட்டுக்கொண்டாளா என்று ஒருத்தி கேட்டதாகத் தோழி சொன்னாள். பணம் வராவிட்டால் அந்த லைனில் என்னால் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. தோழியும் நானும் மறுபடி பெட்டியோடு போனோம். தூங்குகிறார் என்று சாயந்தரம் வரை வெளியே நிற்க வைத்தார்கள். எழுந்து வந்தவர் பழைய பாட்டையே பாடினார். பெட்டி நல்லாத்தான் கீது, அப்படியே கெட்டிருந்தாலும் இன்னிக்கு வெள்ளி. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் அளவு கடந்தால் அழுகையாகத்தான் வரும் எனக்கு, அதற்காகவும் ஒரு கோபம் வரும்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். தையல் கடை வைத்திருந்த பாய். நான் வந்து வந்து போவதை மெஷினில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எம்மா, இங்க வா. எங்கடையில கரண்டு கீது. எவ்ளோ நேரம் வேணுமோ வாசி."

கட்டிங் டேபிளில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எனக்கு இடம் கொடுத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். தோழி பாடினாள். ஆயுத பூஜைக்காகப் பழகி வைத்திருந்த பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் நின்றார்கள், தெருப் பெண்கள் வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அந்த மனுஷருக்கும் குஷி வந்துவிட்டது. வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாத்துக்குங்க, என் பொட்டி இன்னாமா பாடுது! இத்தப் போயி கெட்டுப்போச்சுன்னு சொல்லிகினு அலையுது இந்தப் பொண்ணு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் அடுத்த பாட்டை எடுத்தேன். விரலடியில் பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. ஏஜிங் செய்கிறவளுக்கு அது தெரியும்.

விளக்கு வைக்கிற நேரம். அவர் மனைவி தலை நிறையப் பூவோடு வாசல் மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். கீபோர்டு அலற ஆரம்பித்தது.

நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். யாருமே தொடாமல் அது அலறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் தெருவைத் தாண்டி ஓடிவந்தார், நிறுத்து நிறுத்து என்று கத்தினார். நான் பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, பணம் வந்தால் பிடுங்குகிறேன் என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே ஆச்சரியம்.

அவர் மனைவிதான் தாங்காமல் வெடித்தார். "வெளக்கு வெச்ச நேரத்துல வாசல்ல இன்னாயா இது எழவு சத்தம்? குடுத்துத் தொலையேன்!"

"வெள்ளிக்கிழமைடி..." என்று இழுத்தார் அவர்.

பாய் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே எழுந்தார். "ஒனக்குத்தான வெள்ளிக்கிழம குடுக்கக் கூடாது? எங்களுக்கு இன்னிக்குக் குடுத்தா விசேஷம். நா இந்தப் பொண்ணுக்குக் குட்த்துடறேன், நீ நாளைக்கி எனக்குக் குடு. பொட்டி அதுவரிக்கும் எங்கடையில இருக்கட்டும். சீக்கிரம் சொல்லு, தொழுகைக்கு நேரமாவுது."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சரி என்று தலையை ஆட்டினார். பாய் மெஷின் டிராயரைத் திறந்து ரெண்டாயிரத்தை எடுத்து என் கையில் வைத்தார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். தெரு அமைதியானதும் பாய் எங்கள் நன்றியைக்கூடக் காதில் வாங்காமல் மசூதிப் பக்கம் வேகமாக நடந்துவிட்டார்.

பணத்தை லைனில் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தேன். வாலாஜாபாத்தில் படித்த பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தைக் கேட்டு வாங்கி வந்து, ஆயுத பூஜையன்று எங்கள் அரை மணி நேரத்தை நடத்தியும் காட்டினோம். சூப்பர்வைசர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, கை தட்டினார். கதை இங்கே முடிந்திருந்தால் இது எனக்கு ஒரு நல்ல ஞாபகமாக மட்டும் இருந்திருக்கும்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு பாயைப் பார்க்கப் போனேன். கடையில் ஒரு அம்மா தீபாவளிக்கு நாலு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருந்தார். லைனிங் துணி வாங்கவில்லை, ரெண்டு வாரம் போகட்டும் என்று பாய் திருப்பி அனுப்பினார். தீபாவளி நேரத்தில் எந்த டெய்லராவது வந்த வேலையைத் திருப்பி அனுப்புவாரா? எனக்கு என்னவோ போல இருந்தது. எதிர் வீட்டுக்காரர் பணம் கொடுத்துவிட்டாரா பாய் என்று கேட்டேன்.

"குட்த்தாம்மா, மறுநாளே குட்த்துட்டான்" என்றார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

கட்டிங் டேபிளுக்கு அடியில் என் பெட்ஷீட் தெரிந்தது. அதற்குள் கீபோர்டு.

பணம் வந்திருந்தால் அது அங்கே இருக்காது. நான் பார்த்துவிட்டதை பாயும் பார்த்தார். பிறகுதான் மெல்லச் சொன்னார். 'நீயாத்தானே குடுத்தே, அந்தப் பொண்ணுகிட்டயே போய்க் கேளு' என்று சொல்லிவிட்டாராம் அந்த மனுஷர். லைனிங் வாங்க வைத்திருந்த பணத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று பொய்யும் சொல்லியிருக்கிறார் பாய்.

எனக்கு ஏற்கெனவே வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அழவும் இல்லை. நேரே ஊருக்கு வந்தேன், மறுநாள் லைனில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். என்மேல் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டாளே, அவள்தான் முதலில், "இந்த வெள்ளி எல்லாரும் போறோம்டி" என்றாள்.

போனோம். லைன் மொத்தமும், கம்பெனி யூனிபார்ம் புடவையில். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் எங்கே போகிறீர்கள் என்றார். பணம் வாங்க என்றோம். வழிவிட்டார். அந்த வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தோம். கத்தவில்லை, திட்டவில்லை. பாயின் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், அதுவரை இங்கேதான் என்று மட்டும் சொன்னேன். பாய் கடையை விட்டு வந்து, வேணாம்மா, வேணாம்மா என்று தவித்தார். அவரைப் போய் மெஷினில் உட்காரச் சொன்னோம்.

விளக்கு வைக்கிற நேரம் நெருங்கியது. அந்த வீட்டு அம்மா எங்களைத் தாண்டி வாசல் தெளிக்க முடியாமல் நின்றார். பிறகு உள்ளே போய், சாமி படத்தின் கீழே இருந்து பணத்தை எடுத்து வந்து, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தெருவைத் தாண்டிப் போய் பாய் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமைதான். அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இன்றும் வெள்ளிக்கிழமை நான் யாருக்கும் கைமாற்று கொடுப்பதில்லை, அம்மாவின் பழக்கத்தை நான் விடவில்லை. ஆனால் யாருக்காவது நான் தர வேண்டிய பணம் இருந்தால் வெள்ளிக்கிழமை காலையில், விளக்கேற்றிய கையோடு, முதல் வேலையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷர் மேல் உள்ள கோபம் புதிதாக வருகிறது. கூடவே டிராயரைத் திறந்த பாயின் கையும் கண்முன் வருவதால், அந்தக் கோபம் ஆறிப்போவதில் எனக்கு விருப்பமே இல்லை.