இந்திராணியின் அருவருப்பு

கை கழுவாமல் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடாத மனிதர் லோகநாதன். உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய், ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. சேலையில் கறை பட்டுவிடுமென்று பஜ்ஜியைக்கூடக் காகிதத்தால் பிடித்துத்தான் தின்பார். வீட்டில் ஒரு தட்டு பிசுபிசுத்தாலும் மனைவி இந்திராணிக்குத் திட்டு விழும்.

அப்படிப்பட்டவர், தன் தங்கை மகள் கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் யாரோ கடித்து வைத்த ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த இலைக்கும் கை நீண்டபோது இந்திராணி பாய்ந்து பிடித்தாள்.

“இன்னாங்க இது, எச்சி எலைல கைய வெக்கிறீங்க?”

“நல்லா கீது,” என்றார். தாடையில் பாகு வழிந்தது. முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

பிறகு குளிப்பது நின்றது. சோற்றை மெல்லாமல் அள்ளி அடைத்துக்கொண்டு, கையை அவள் தலையணையில் துடைத்தார். அவர் பக்கமிருந்து வந்த புளித்த வாடை குமட்டிக்கொண்டு வர, அவள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். கடைக்குச் சேலை எடுக்க வந்த பெண்ணின் இடுப்பைப் பார்த்து ஏதோ சொல்ல, வேலையும் போயிற்று.

“தூ! இந்த வயசுல இன்னாயா புத்தி ஒனக்கு?” அவள் துடைப்பத்தையே ஓங்கிவிட்டாள். அவர் சிரித்தார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கூசியிருக்காது.

மகள் ரேணுகாதான் இருவரையும் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தில் மூளையின் முன்பக்கத்தைக் காட்டினார். “கூச்சம், அடக்கம், அடுத்தவங்க மனச உணர்றது, இதுக்கெல்லாம் இந்த எடம் முக்கியம்மா. அது சுருங்கிட்டு வருது. அவரு வேணும்னு செய்யல. குணமாக்க மருந்து இல்ல. கொஞ்சம் கட்டுப்படுத்தலாம்.”

இந்திராணி படத்தையே பார்த்தாள். “இத்தினி வருசம் அப்டி சுத்தமா இருந்தாரே, அதுவும் இந்த எடந்தானா?”

டாக்டரம்மா தலையாட்டினார். “அதுவும்தாம்மா.”

திரும்பும் பஸ்ஸில், லோகநாதன் எட்டி முன்சீட்டுக்காரியின் மடியிலிருந்த வேர்க்கடலையில் கை விட்டார். “குடிகாரப் பய!” என்று அவள் எழுந்துவிட்டாள்.

“குடி இல்லம்மா,” என்றாள் இந்திராணி. “மூளைல நோவு.”

வெளியாள் ஒருத்தியிடம் அவருக்காகப் பேசியது எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான்.

கோபம் அதோடு விட்டது. அருவருப்பு மட்டும் விடவில்லை. தலைக்குப் புரிந்தது வயிற்றுக்குப் புரியவில்லை. காலையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அவரைக் குளிப்பாட்டுகிறாள். அக்குளைத் தேய்க்கும்போது அவர் அவள் தோளில் காறித் துப்பினால், சாக்கடை ஓரம் போய் ஓங்கரித்துவிட்டு வருகிறாள்.

“நான் ஊத்தறேம்மா, நீ போ,” என்பாள் ரேணுகா.

“வேணாம். நீ போய் அவருக்கு நாஷ்டா எட்த்து வை,” என்று வாயைக் கொப்பளித்துவிட்டு, இந்திராணி மறுபடி சோப்பை எடுப்பாள்.