சீர்த்தட்டில் வந்த மாத்திரை

பருத்தி வெடிக்கும் மாசி மாதம் வந்துவிட்டால் எம்.ரெட்டியபட்டித் தங்கலட்சுமிக்கு இளைப்பும் வந்துவிடும். காட்டில் இறங்கிப் பத்துச் செடி தாண்டுவதற்குள் நெஞ்சு விசில் அடிக்கும். ஆறு வருடமாகப் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலர் பம்ப்பைக் காலையும் மாலையும் இழுத்து அதை அடக்கி வைத்திருந்தாள். பம்ப்பை மடியில் செருகிக்கொண்டு பருத்தி எடுக்கப் போவாள். ஆளோடு ஆளாகச் செடி வரிசையில் நிரை பிடிப்பாள்.

தம்பி மாரிக்கண்ணன் பாளையம்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தான். தாய் செத்தபோது அவனுக்கு ஏழு வயது. தலைக்கு எண்ணெய் தேய்த்ததிலிருந்து பெண் பார்த்துக் கட்டி வைத்ததுவரை எல்லாம் அக்காதான். அவனும் மறக்கவில்லை, ஒரு பொங்கலுக்குக்கூடச் சீர் தவறியதில்லை. இந்தப் பொங்கலுக்கு அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்தோடு தட்டில் ஒரு புதுப் பெட்டியும் இருந்தது. மஞ்சளில் இருந்து எடுத்த சத்தாம், மாத்திரையாக அடைத்தது. கடையோடு அதற்கும் ஏஜென்சி எடுத்திருந்தான். இளைப்பு, ஒவ்வாமை, மூட்டு வீக்கம் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றான். ஆனால் பம்ப்பை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வேலை செய்யாதாம்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் தங்கலட்சுமி நாலு கேள்வி கேட்டிருப்பாள். பிறந்த வீட்டுச் சீரில் வந்ததை எந்தப் பெண் சந்தேகப்படுவாள்? பம்ப்பைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள்.

தை நன்றாகத்தான் போனது. மாசி பிறந்ததும் விசில் திரும்பியது. தம்பிக்குப் போன் போட்டாள். உள்ளே கட்டிக் கிடந்த சளி கிளம்புகிறது, முதலில் கூடித்தான் குறையும், இரண்டை நாலாக்கு என்றான். நாலாக்கினாள். பன்னிரண்டாம் நாள் காலை, நிரைக்கு நடுவில் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்துவிட்டாள். கணவர் இருளப்பசாமி ஷேர் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு ஓடினார்.

முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அனுப்பும்போது டாக்டரம்மா திட்டவில்லை. மஞ்சள் சத்தை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, வீக்கத்துக்குக் கொஞ்சம் கேட்கலாம் என்கிறார்கள், ஆனால் அதை நம்பிப் பம்ப்பை நிறுத்தக் கூடாது என்றார். தங்கலட்சுமிக்குத் தம்பி மேல் கோபமில்லை. தெரியாமல் செய்துவிட்டான், நேரில் சொன்னால் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டான் என்று ஊருக்குத் திரும்புமுன் பாளையம்பட்டிக்குப் போனாள். இருளப்பசாமி தம்பி வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் டாக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றார்.

வீட்டில் மாரிக்கண்ணனின் மகள் ரோஷினி, பதினோரு வயதுக்காரி, நிமிர்ந்து உட்கார்ந்து, பம்ப்பை ஒரு பிளாஸ்டிக் குழாயில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். விரல்விட்டு மூச்சை எண்ணி முடித்த பிறகுதான் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒனக்குமாடி இளைப்பு?"

"ரெண்டு வருசமா, அத்தே. பொம்பளப்புள்ளன்னு வெளிய சொல்லல. அப்பாதான் மணி பாத்துத் தருவாக."

"மஞ்ச மாத்திரை?"

"அதக் குடுக்கலாமான்னு அப்பா மதுரை டாக்டர்ட்ட கேட்டாக. பம்ப்ப நிறுத்துனா புள்ள தாங்காதுன்னு சொல்லிட்டாக."

"எப்பக் கேட்டாக?"

"பொங்க லீவுக்கு முன்னாடி."

மாரிக்கண்ணன் உள்ளே வந்தான். மகள் கையிலிருந்த குழாயைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான். மகளை உள்ளே போகச் சொன்னான்.

"அவ சின்னப்புள்ளக்கா," என்றான்.

பிறகு அவனே சொல்லிக்கொண்டு போனான். ஏஜென்சி கொடுத்தவர்கள் முதலில் சொந்தத்தில் பத்துப் பேரைச் சேர்க்கச் சொன்னார்களாம். ஏன் எதற்கு என்று கேட்காத ஆள் அக்கா ஒருத்திதானாம். ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தானாம்.

"ஆகியிருந்தா கோடித்துணி எடுத்துட்டு வந்திருப்ப," என்றாள் தங்கலட்சுமி. "பொறந்த வீட்டுக் கோடி. அதையும் தவறாமச் செஞ்சிருப்ப."

மாரிக்கண்ணன் கண்ணைத் துடைத்தான். பிறகு வாசலை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான்ட்ட மட்டும் சொல்லிறாதக்கா."

இருளப்பசாமி மருந்துப் பையோடு படியேறி வந்தார். தங்கலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு, ரோஷினி சொன்னதில் தொடங்கி எல்லாவற்றையும், தம்பி கேட்க, அவரிடம் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை மூச்சுக்கு நிறுத்தினாள். முப்பது வருடமாக அவள் பிறந்த வீட்டைக் குத்திக்காட்ட இடம் கிடைத்தால் விடாத மனிதர், அன்று ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.