எல்லைக்குப் போகாத காயில்கள்

1. லோடு திரும்பியது

லாரி கேட்டைத் தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது. எல்லையில் தகராறு, லோடை இறக்குங்கள்.

வடசென்னை எர்ணாவூரில் நாங்கள் தயாரிப்பது கன்சர்ட்டினா காயில், அதாவது பிளேடு வைத்த கம்பிச் சுருள். வடகிழக்கு எல்லை வேலிக்குப் போவது. நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சுருளை இழுத்து விரித்து, ஆள் நுழையும்படி எங்காவது இடைவெளி விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நாட்டின் பாதுகாப்பில் என் தொப்பைக்கு ஓர் அளவுகோலாகப் பங்கு உண்டு என்பது யாருக்கும் தெரியாது.

எல்லைக் கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வேலி போடக்கூடாது என்று பக்கத்து நாட்டுக் காவலர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். போட்டே தீருவோம் என்றார்கள் நம்மவர்கள். இரண்டு பக்க அதிகாரிகளும் கொடி நட்டு, நாற்காலி போட்டு, டீ குடித்துப் பேசினார்கள். டிவிக்காரர்கள் ஏசி ஸ்டூடியோவிலிருந்தே போர் தொடுத்தார்கள். எங்கள் யார்டில் காயில் மலையாகக் குவிந்தது.

2. எங்கள் சொந்த எல்லை

எங்கள் மேனேஜருக்குச் சும்மா கிடக்கும் பொருளைக் கண்டால் ஆகாது. என்னை எப்படி விட்டுவைத்தார் என்பது இன்றுவரை புரியவில்லை.

யார்டுக்குப் பின்னால் கடற்கரைக்கு ஒரு நடைவழி. கம்பெனிக்கு முன்பிருந்தே உள்ளது. பக்கத்து மீனவக் குப்பத்து ஆண்கள் படகு இன்ஜினைக் கழியில் கட்டித் தோளில் சுமந்து அதில்தான் போவார்கள். பெண்கள் அன்னக்கூடையில் மீனோடு அதில்தான் திரும்புவார்கள். அது செக்யூரிட்டி ரிஸ்க் என்று மேனேஜர் திடீரென்று கண்டுபிடித்தார். அந்தப் பக்கமாக ஒரு ஆணிகூடத் திருடு போனதில்லை. போனதெல்லாம் முன் கேட் வழியாக, காரில் போனது.

காயிலை விரித்து வழியை அடைக்கும் வேலை மெஷின் ஆபரேட்டர் அந்தோணிக்கு வந்தது. அவன் வீடே அந்தக் குப்பத்தில்தான். முடியாது என்று சொல்லிப் பார்த்தான். கான்டிராக்ட் ஆள் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலை அவன் அண்ணி மேரி, வெறும் அன்னக்கூடையோடு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"இன்னா கொழுந்தனாரே, சோக்காத்தான் கட்டிக்கீற. விசா எங்க குத்துவாங்கோ, உன் ஆபீஸ்லயா?"

அந்தோணி தலையைத் தூக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பியதும் சிரிப்பு பாதியில் நின்றது.

அதன் பிறகு மீன்காரப் பெண்கள் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளோடு மெயின் ரோட்டில் நடந்தார்கள். ஒரு நாள் டிரெய்லர் ஒன்று மேரியின் கூடையைத் தட்டிவிட்டுப் போனது. மீன் டயருக்கு அடியில். அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

மேனேஜரிடம் போனேன். ஆளையே கொன்றுவிடும் இது, கம்பியை எடுங்கள் என்றேன்.

"ரோட்ல அடிபட்டா நாம என்னங்க பண்றது? நம்ம இடம், நம்ம சேஃப்டி. வேணும்னா ஒரு கமிட்டி போடுவோம்."

கொடியும் நாற்காலியும்தான் பாக்கி. டீ வந்துவிட்டது. நான் குடிக்கவில்லை. என் வீரம் அன்று அவ்வளவுதான்.

3. சமாதானம்

ஒருவழியாக நாடுகள் சமாதானமாயின. கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வேலி போட்டுக்கொள்ளலாமாம். அவசர ஆர்டர் வந்தது. ஸ்டாக் போதவில்லை. நடைவழியில் கட்டியதையும் கழற்றி ஏற்றச் சொன்னார் மேனேஜர். செக்யூரிட்டி ரிஸ்க் என்ன ஆனதென்று அவர் சொல்லவில்லை. மேரியின் மணிக்கட்டுக்குத் திறக்காத வழி, டெல்லியிலிருந்து வந்த ஒரு போனுக்குத் திறந்தது.

லோடு ஏற்றும்போது அந்தோணி நின்றான்.

"சார், இத்த கட்டப் போற எடத்துல ஜனம் கீதா?"

படித்த புத்தி சும்மா இருக்குமா, சொன்னேன். நம் நாட்டு விவசாயிகளின் நிலமே சில இடங்களில் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறது. வேலியில் கேட் திறக்கும் நேரத்துக்குப் போய், மூடுவதற்குள் திரும்ப வேண்டும்.

"அப்போ நம்ம வழிய தொறந்து அவங்கள்த மூடறோம்."

அவன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த காயிலைத் தூக்கினான். பின்னால், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி மேரி திறந்த வழியில் கரைப்பக்கம் நடந்து போனாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கம்பியில் ஆள் நுழைய முடியுமா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது யார் என்று கேளுங்கள். பதில் வராது, கமிட்டிதான் வரும். ஆனாலும் கேளுங்கள்.

அந்த லோடில் எல்லாக் காயிலும் பாஸ். எங்கேயும் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இல்லை. நானே பார்த்தேன்.