எத்தனை மில்லிமீட்டர் பயம்

"இருபத்தொரு வருஷம். என் கையால ஒரு தப்பு நடந்ததில்ல. என் கண்ணைத் தாண்டி ஒரு தப்பு வெளிய போனதில்ல. பதட்டத்துல இந்தக் கை ஒரு தடவை நடுங்குச்சுன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாப்போம்."

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பின் ஆயுத பூஜைக் கூட்டத்தில், மைக்கை வலக்கையிலும் பொரிப் பொட்டலத்தை இடக்கையிலும் பிடித்தபடி பரமசிவம் வெளியிட்ட பிரகடனம் இது. எவனும் சொல்லவில்லை. எல்லோர் வாயிலும் பொரி இருந்தது. உலகத்தில் பல பிரகடனங்கள் இப்படித்தான் ஏகமனதாக நிறைவேறியிருக்கின்றன.

பரமசிவம் அருப்புக்கோட்டைக்காரர். பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் கடைசிச் சோதனை மேஜை அவருடையது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளப்பார். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்புத் தொட்டி. தளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மாதேஸ்வரி, கல்யாணமான புதிதில் தான் சுட்ட முதல் தோசையை அவர் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்ததை மன்னித்துவிட்டாள். மறக்கவில்லை.

குடியிருப்பு மைதானத்தில் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் கூடைப்பந்து அணி ஒன்று உண்டு. பயிற்சி கொடுத்துவந்த பி.டி. டீச்சருக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிவிடவே, குடியிருப்புச் சங்கம் ஆள் தேடியது. பரமசிவம் அதுவரை கூடைப்பந்தைத் தொட்டதில்லை. ஆனால் அவர் மகள் சுவாதி அந்த அணியில் ஆடினாள். வீடு மைதானத்துக்கு எதிரிலேயே இருந்தது. பொரி தின்றவர்களுக்குப் பிரகடனமும் நினைவிருந்தது. ஆக, அவரே பயிற்சியாளர்.

பொறுப்பேற்ற முதல் நாள் பந்தின் சுற்றளவை அளந்தார். பந்து தேறிவிட்டது. மறுநாள் கூடைக் கம்பத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பலகை முளைத்தது. அதில் நாலு கட்டம்: பெயர், பிழை, காரணம், தடுப்பு. கூடவே ஒரு சிவப்புப் பேனா. மைதானத்தில் சுவாதி உட்பட எல்லோரும் தன்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது முதல் விதி.

அவர் கம்பெனியில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிழை நடந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்பார்கள். ஐந்தாவது ஏனில் பிழையின் வேர் கைக்கு வந்துவிடும் என்பது ஐதீகம். இரும்பு இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. பரமசிவம் அதைப் பிள்ளைகளிடமும் கேட்டார். தளியிலிருந்து வந்து குடியேறிய பூ வியாபாரி வீட்டுப் பிரவீனா ஒருநாள் பந்தை மூன்று முறை நழுவவிட்டாள். ஐந்து ஏன்களுக்குப் பிறகு பலகையில் ஏறியது இது: 'காரணம்: வியர்வை. தடுப்பு: வியர்க்காதிருத்தல்.'

பிள்ளைகள் அவருக்கு 'ரிஜெக்டப்பா' என்று பெயர் வைத்தார்கள். அவருக்குப் புரியக்கூடாத சங்கதிகளைக் கன்னடத்திலும், கன்னடம் தெரிந்த மாதேஸ்வரிக்கும் புரியக்கூடாதவற்றைத் தெலுங்கிலும் பேசிக்கொண்டார்கள்.

சுவாதியின் விஷயம் கொஞ்சம் வேறு. எதிரணி தப்பு செய்தால், தடுப்பார் யாருமில்லாமல் கோட்டில் நின்று கூடையை நோக்கி எறியும் ஃப்ரீ த்ரோ அவளுடைய தனிச்சொத்து. டீச்சர் காலத்தில் பத்துக்கு எட்டு விழும். பலகை வந்த மாதம் ஆறானது. அடுத்த மாதம் நாலு.

"ஏன் விழல?" என்றார் பரமசிவம்.

"கை நடுங்குச்சு சார்."

"ஏன் நடுங்குச்சு?"

"பயம் சார்."

சுவாதியே எழுந்து போய் காரணக் கட்டத்தில் 'பயம்' என்று எழுதினாள். பரமசிவம் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார்.

"பயம்லாம் ஒரு காரணமாம்மா? காரணம்னா அளக்க முடியணும். சொல்லு, எத்தனை மில்லிமீட்டர் பயம்?"

சுவாதி சற்று யோசித்துவிட்டு, பாகலூர் ரோட்டில் லாரி ஹாரன் அடித்ததாக எழுதினாள். அது ஏற்கப்பட்டது. அதன்பின் அந்த அணியில் யாருமே பயப்படவில்லை. எல்லாப் பிழைக்கும் லாரிகளே பொறுப்பேற்றன.

எல்லை ஊர்களுக்கான கோப்பையில் தட்டுத் தடுமாறி அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரணி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமிருக்கும் அத்திப்பள்ளி. முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் மாதேஸ்வரி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பந்து போடறப்ப உங்க பொண்ணு எங்க பாக்கறா?"

"கூடையைத்தான். வேற எங்க பாப்பா?"

"உங்க கையில இருக்கிற பேனாவைப் பாக்கறா. நீங்க தலை நிமிர்ந்தாத்தான தெரியும்? நாளையோட சரியாம். ஷூவைப் பிரவீனா தங்கச்சிக்குக் குடுத்துடப் போறாளாம். இனிமேட்டு ஆடலயாம்."

பரமசிவத்தின் கை சோற்றிலேயே நின்றது.

"உன்கிட்ட சொன்னாளா?"

"பின்ன உங்ககிட்ட சொல்லி, அதுக்கு நீங்க அஞ்சு ஏன் கேக்கவா?"

சுவாதி நாலு வயதில் குளியலறை வாளிக்குள் எலுமிச்சம்பழம் எறிந்து பழகியவள். அவள் பந்தில்லாமல் நடமாடுவதை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை. இரண்டு கவளம் ஆனதும் அவருக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. கோப்பையை ஜெயித்துவிட்டால் எந்தப் பிள்ளை ஆட்டத்தை விடும்? ஆகவே நாளை தோற்கக்கூடாது. ஆகவே நாளை ஒரு பிழையும் நடக்கக்கூடாது. பலகையைப் போட்டி நடக்கும் மைதானத்துக்குக் கொண்டுபோக முடியாதென்பதால், அதன் சுருக்கத்தை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டார்.

போட்டியில் சுவாதி நாலு ஃப்ரீ த்ரோ எறிந்தாள். நாலு தடவையும் முதலில் ஃபைலைப் பார்த்தாள். நாலும் வளையத்தில் இடித்து வெளியே வந்தன. அப்படியும் மற்றப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிப் பதினோரு விநாடி மிச்சமிருக்கையில் இரண்டு அணிக்கும் நாற்பத்தொன்று.

அப்போது பிரவீனாவும் ஒரு அத்திப்பள்ளிப் பெண்ணும் பந்துக்குத் தாவ, பந்து எல்லைக்கு வெளியே போனது. நடுவர் விசிலடித்து, பந்து அத்திப்பள்ளிக்கு என்று கைகாட்டினார்.

பயிற்சியாளர் தன் பெஞ்சுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஆடுகளத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. இந்த விதியைப் பரமசிவம் நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த ஃபைலைக் கையில் பிடித்தபடியே கோட்டைத் தாண்டினார். இரண்டடி, மூன்றடி, ஆடுகளத்தின் நடுவுக்கே போய்விட்டார்.

"சார், இது உங்களோட ஒன்பதாவது பிழை. ஆதாரம் இருக்கு" என்று நடுவரிடம் பக்கத்தைப் புரட்டினார்.

நடுவர் ஆதாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் 'டி' போல வைத்துக் காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல். தண்டனை, எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஜடை போட்ட ஒல்லிப் பெண்ணொருத்தி வந்து நின்றாள். அவளுக்கு எந்த ஃபைலும் இல்லை. கூடையை மட்டும் பார்த்துப் போட்டாள். விழுந்தது.

மிச்சப் பதினோரு விநாடியில் யாருக்கும் எதுவும் விழவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அத்திப்பள்ளிப் பயிற்சியாளர் ஓடிவந்து பரமசிவத்தின் கையைப் பிடித்து, "தும்ப தேங்க்ஸ் சார்" என்று கன்னடத்தில் ரொம்பவே நன்றி சொன்னார். மனதார.

வீடு திரும்பும் வேனில் பிள்ளைகள் மூன்று மொழியிலும் எதுவும் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்குப் பரமசிவம் மைதானத்துக்குப் போனபோது பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். சுவாதி செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஷூ மடியில், துணிக்கடைப் பைக்குள். வெள்ளைப் பலகையைத் துப்புரவாகத் துடைத்து, கழுவிவிட்ட தட்டு மாதிரி வைத்திருந்தார்கள்.

பிரவீனாதான் ஆரம்பித்தாள். மரியாதையாகவே கேட்டாள்.

"ஏன் சார் கோட்டைத் தாண்டுனீங்க?"

"அவர் தப்பா விசிலடிச்சாரும்மா."

"தப்பா இல்ல சார். பந்து என் விரல்ல பட்டுச்சு. உங்களுக்கு ஏன் அது தெரியல?"

பரமசிவம் அவள் விரலைப் பார்த்தார். இருபத்தொரு வருஷக் கண்.

"நான் கடிகாரத்தைப் பாத்துட்டு இருந்தேன்."

"ஆட்டம் இங்க நடக்குது. கடிகாரத்தை ஏன் சார் பாத்தீங்க?" இது இன்னொருத்தி.

"பதினோரு செகண்டுதான இருந்துச்சு. தோத்துருவோமோன்னு."

"தோத்தா தோத்துட்டுப் போறோம். அதுக்கு ஏன் சார் உள்ள வந்தீங்க?"

"தோத்தா…" என்றவர், துணிக்கடைப் பையைப் பார்த்தார். "தோத்தா சிலபேர் ஆட்டத்தையே விட்டுருவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

நாலு ஏன் ஆகிவிட்டது. ஐந்தாவது பாக்கி. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இந்தப் பிழைக்குப் பொறுப்பேற்க அது நிற்கவில்லை.

"விட்டா உங்களுக்கு ஏம்ப்பா?" என்றாள் சுவாதி.

மைதானத்தில் அப்பா என்று கூப்பிடுவது விதிமீறல். பரமசிவம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, பலகைக்குப் போனார்.

பெயர்: பரமசிவம். பிழை: கோடு தாண்டியது, 1.

காரணக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் எழுதத் தொடங்கியபோது, முதுகுக்குப் பின்னால் துணிக்கடைப் பை சரசரத்தது. ஷூக்கள் தரையில் விழும் சத்தம் ஒன்று, இரண்டு என்று கேட்டது. பிறகு லேஸை இழுத்துக் கட்டும் சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதி முடித்தார்.

'பயம்.'

முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் ஏற்ற இறக்கம் இருந்தது. அளந்தால் நாலைந்து மில்லிமீட்டர் வரும்.