வயிறு நிறையக் கட்டிய பள்ளிக்கூடம்

ஃபெரெட்டி ஆக்லாந்தில் பத்தொன்பது வருஷம் அடுத்தவன் கட்டடத்துக்குச் சாரம் ஏறிவிட்டு, சமோவாவுக்குத் திரும்பிச் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தான். கம்பெனி என்றால் ஒரு லாரி, ஒரு கலவை மெஷின், எட்டு ஆட்கள், கணக்குப் பார்க்க மனைவி வவோசா. அவன் எழுப்பிய சுவர் எதுவும் கோணியதில்லை. எதிரே ஒருவர் முகம் கோணினால்தான் அவனுக்குத் தாங்காது.

சவாயீ தீவில் ஃபலேனூ ஊருக்கு அரசாங்கப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்ட டெண்டர் விட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளை முந்தி அதை நம் ஆள் வாங்கிவிட்டான். மற்றவர்கள் எல்லோரும் ஆட்களின் சாப்பாட்டுக்கு ஒரு தொகை போட்டிருந்தார்கள். ஃபெரெட்டி அந்த இடத்தில் சைபர் போட்டான்.

"ஏழு மாசமும் எட்டுப் பேரு காத்தையா குடிப்பாங்க?" என்றாள் வவோசா.

"ஊரு போடும்டி. தச்சன் வந்து எறங்கிட்டா சோறு போடறது ஊரோட கடமை. நீ எழுது."

பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் தச்சனை ராஜாவின் துணைவன் என்றுதான் விளிப்போம். அந்தக் காலத்தில் சாப்பாடு சரியில்லை என்றால் தச்சன் உளியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவன் விட்டுப்போன வீட்டை இன்னொரு தச்சன் தொடமாட்டான். அந்த அவமானத்துக்குப் பயந்தே ஊர்கள் பன்றி அடித்துப் போட்டன.

ஜனவரிக் கடைசியில் பள்ளி திறப்பதற்குள் முடித்தால் அடுத்த மூன்று பள்ளிக்கூடங்களும் அவனுக்கு. முடிக்காவிட்டால் கல்வி இலாகா அவன் பெயரை அடித்துவிடும், லாரியையும் மெஷினையும் பேங்க் ஓட்டிக்கொண்டு போய்விடும். ஃபெரெட்டி இரண்டாவதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஃபலேனூ குறை வைக்கவில்லை. மாதர் கமிட்டித் தலைவி ஃபுவாட்டினோ ஊரை மூன்றாகப் பிரித்து முறை வைத்தாள். ஒரு தெரு பன்றி வைத்தால் அடுத்த தெரு பன்றியும் மீனும் வைத்தது. மூன்றாவது தெரு விடுமா? தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை, சுட்ட சீமைப்பலா, டின் இறைச்சி, குடம் குடமாகக் கொக்கோ. ஆனால் சும்மா வாயில் போட்டுவிட முடியாது. ஊர்ப் பேச்சாளர், கிழவர் மனுலேலே, கோலை ஊன்றி நின்று தச்சர்களைப் புகழ வேண்டும். அதற்கு ஃபெரெட்டி எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதில் அவன் கெட்டிக்காரன், அதுதான் வினை. அவன் பேசப் பேசக் கிழவருக்கு உற்சாகம் பொங்கி இன்னொரு சுற்று ஆரம்பிப்பார். பேசி முடித்துத் தின்று எழுந்தால் கண் சொக்கும். எட்டுப் பேரும் சிமெண்ட் மூட்டையில் தலை வைத்துப் படுத்தால் வெயில் தாழ்ந்துதான் எழுவார்கள்.

இலாகாவின் இன்ஜினியர் சியாவோசி பார்வையிட வந்தார். அவருக்கும் பன்றித் தொடை வைத்தார்கள். தின்றார், தூங்கினார், எழுந்து சுவரைப் பார்த்தார்.

"சாப்பாடு பிரமாதம் ஃபெரெட்டி. சுவரு இன்னும் ஜன்னல் மட்டத்துக்கே வரலியே. அப்படியே எழுதிக்கறேன், கோச்சுக்காதே."

அன்று சாயங்காலமே ஃபெரெட்டி ஃபுவாட்டினோ வீட்டுக்கு ஓடினான்.

"அக்கா, சாப்பாட்ட கூடைல கட்டிக் குடுத்துடுங்களேன். பேச்செல்லாம் வேலை முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாம்."

"பேச்சில்லாம தீனி வைக்கறது பன்னிக்குத் தம்பி. ஒன்ன அப்படி நடத்திட்டோம்னு நாளைக்கு நாலு ஊரு பேசும். எங்களுக்கு மானம் வேணாமா?"

சோற்றை வேண்டாம் என்று சொல்லலாம்தான். சொன்னால் எதை வாங்கி ஆட்களுக்குப் போடுவது? டெண்டரில் போட்ட சைபர் அவனைப் பார்த்துச் சிரித்தது.

டிசம்பரில் மேற்கே வானம் கறுத்தது. கூரைத் தகடுகள் கீழே அடுக்கியிருந்தன. மத்தியானம் பெண்கள் கூடைகளோடு வந்து நின்றபோது ஃபெரெட்டி கூரைச் சட்டத்தின் மேல் இருந்தான். மனுலேலே தொண்டையைச் செருமினார்.

"எவனும் எறங்கக் கூடாது! தகடு ஏறினாத்தான் சோறு!" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினான்.

அவன் வாழ்நாளிலேயே துணிச்சலாகச் சொன்ன வார்த்தை அதுதான். பெண்கள் வெகுநேரம் வெயிலில் நின்றார்கள். பிறகு கூடைகளை மண்ணில் வைத்துவிட்டுப் போனார்கள். நாய்களுக்கு நல்ல வேட்டை.

மறுநாள் சோறு வரவில்லை. மூன்றாம் நாள் ஆட்கள் பசியில் முனகி, கூரையைப் பாதியில் விட்டு இறங்கிவிட்டார்கள். ஊரிடம் மன்னிப்புக் கேட்க எங்கள் வழக்கத்தில் ஒரே வழிதான் இருந்தது. வவோசா தன் கல்யாணப் பாயைக் கொண்டுவந்தாள். ஃபெரெட்டி அதைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, ஊர்ச்சபை வீட்டின் முன் தரையில் குந்தினான். மன்னிக்கிறவரைக்கும் அப்படியே கிடக்க வேண்டும். தலைவர்கள் உள்ளே நிதானமாகக் கொக்கோ குடித்தார்கள். உச்சிவெயில் தாண்டி மனுலேலே வந்து பாயை விலக்கினார்.

"எந்திரி மவனே. மன்னிச்சாச்சு."

மன்னித்தால் விருந்து வைக்க வேண்டுமே! ஐந்து பன்றி அடித்தார்கள். விருந்து இரண்டு நாள் நடந்தது. பாதியில் எழுந்தால் மறுபடி பாய் போர்த்த வேண்டியதுதான். அந்த வருஷத்தில் கடைசியாக மழையில்லாமல் இருந்த நாட்கள் அவை. ஃபெரெட்டி சம்மணமிட்டு உட்கார்ந்து, தகடு ஏறாத சட்டங்களைப் பார்த்தபடி தின்றான்.

மூன்றாம் நாள் பிடித்த மழை கிறிஸ்துமஸ் தாண்டியும் விடவில்லை. கதவுகள் ஊறின, சீலிங் பலகைகள் அப்பளமாக உப்பின, பாதை அறுந்தது. ஜனவரிக் கெடு தாண்டியதும் இலாகா ஒப்பந்தத்தை ரத்து செய்து, மிச்ச வேலையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தது. ஒரு தச்சன் விட்ட வீட்டை இன்னொருவன் தொடமாட்டான் என்பதெல்லாம் அவர்களுக்கு யார் சொல்வது? ஃபெரெட்டியின் எட்டு ஆட்களும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள்.

புதுக் கம்பெனியின் மேஸ்திரி க்ரேக் முதல் நாளே பெண்களைக் கேட்டிலேயே கையசைத்துத் திருப்பி அனுப்பினான். அவன் ஆட்கள் சாரத்தில் உட்கார்ந்தே நூடுல்ஸ் தின்றார்கள். ஊர் கோபித்துக்கொள்ளவே இல்லை.

"வெள்ளக்காரன், அவனுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவன் செஞ்சாத்தான் தப்பு" என்றாள் ஃபுவாட்டினோ.

மார்ச்சில் திறப்பு விழா. ஃபெரெட்டிக்கும் அழைப்பு வந்தது; போகாவிட்டால் அது ஒரு குற்றம். லாரி இல்லாததால் பஸ்ஸில் போனான். அவன் எழுப்பிய சுவர்களில் க்ரேக்கின் கம்பெனிப் பெயர் பெரிதாகத் தொங்கியது. மனுலேலே கோலை ஊன்றி, க்ரேக்கை ராஜாவின் துணைவனே என்று விளித்து, அரைமணி நேரம் புகழ்ந்தார். க்ரேக் சிரித்துத் தலையாட்டினான். பதில் பேச ஆளில்லை. பதில் இல்லாத பேச்சு ஊருக்கே அவமானம். கூட்டம் நெளிந்தது.

"மவனே ஃபெரெட்டி, நீ சொல்லேன். கட்டினவங்க சார்பா," என்றார் மனுலேலே. "ஒன்ன மாதிரி பேச யாரிருக்கா?"

எல்லா முகங்களும் திரும்பின. அவற்றில் ஒன்று கோணினாலும் அவனுக்குத் தாங்காது. எழுந்தான். மூன்று தெருக்களையும் பெயர் சொல்லி வாழ்த்தினான். தச்சர்களின் வயிறு வாட விடாத ஊருக்கு, கட்டிய கம்பெனியின் சார்பில் நன்றி சொன்னான். குரல் ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தச்சனுக்குரிய பன்றிப் பங்கை க்ரேக்கின் முன்னால் வைத்தார்கள். அவன் அதைப் படம் எடுத்துக்கொண்டு, தட்டைத் தள்ளி வைத்தான். ஃபுவாட்டினோ அதை ஃபெரெட்டியின் பக்கம் நகர்த்தினாள்.

"தின்னு தம்பி. ரொம்ப எளச்சுப் போயிட்டே."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். மனுலேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெரெட்டி தின்றான்.