கம்பு பிடித்த படம்

அத்தையின் கேமராவுக்குள் எல்லோரும் இரண்டிரண்டாகத் தெரிவார்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டையின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதற்குள் ஆளுக்குப் பக்கத்திலேயே அதே ஆள் ஆவிபோல் மங்கலாக நிற்பார். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக ஆவி நகர்ந்து வந்து ஆளோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது அழுத்தினால்தான் படம் தெளிவாக விழும். சித்திரபுரத்தில் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இந்த வித்தை அத்தை ஒருத்திக்குத்தான் தெரியும். தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்து, சேலையில் ஒட்டிய தூளைக்கூடத் தட்டாமல் அவள் கேமராவைத் தூக்கினால் மொத்த லயமும் தலைசீவ ஓடும்.

அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பிய காலையில், அலமாரி மேலிருந்த கேமராவை எடுத்துத் தர அப்பா முன்வந்தார். அப்பா உதவிக்கு வந்தால் ஏதாவது கீழே விழும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, ஆனால் உள்ளே எதுவோ இடம் மாறிவிட்டது. எவ்வளவு திருகியும் ஆவி ஆளோடு சேராமல் தலைக்கு மேல் தலையாக ஏறி நின்றது. படச்சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். அம்மா திரும்பிவர இரண்டு வருடம் ஆகும். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருக்க, கேமராவைக் கண்டாலே நழுவிவிடும் அவள் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது.

"விடு புள்ள, வண்டிக்காரன் சத்தம் போடுதான்" என்றார் அப்பா.

"நீ சும்மா இருண்ணே. மைனி, ஒங்க கம்ப எடுத்துட்டு வாங்க" என்றாள் அத்தை, அம்மாவிடம்.

கொழுந்து கிள்ளும்போது செடியின் மட்டம் பார்க்க மேலே குறுக்காகப் போடும் நீளக் கம்பு அது. அம்மா அதை நட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆள் மேலே கீழே விலகித் தெரிந்தாலும், நட்டமாக நிற்கும் கம்பு ஒரே கோடுதானே. பக்கவாட்டில் இரண்டு கம்பும் ஒன்றாகிவிட்டால் அம்மா நிற்கும் தூரமும் சரியாகிவிடும். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்ட அத்தைக்கு அந்த அவசரத்தில் இது எப்படித் தோன்றியதோ! இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"சேந்துட்டு" என்றாள் அத்தை. நானும் பார்ப்பேன் என்று அடம்பிடித்துக் கண்ணை வைத்தேன். கம்பு ஒன்றுதான். அம்மா மட்டும் இரண்டு பேர்.

"அத்தே, ரெண்டு அம்மா இருக்காங்க! ஒரு அம்மா போனாலும் இன்னொரு அம்மா இங்கன இருக்கும்லா?"

அம்மா நின்ற இடத்திலிருந்தே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அம்மா கம்பை என் கையில் கொடுத்து என்னை அணைத்துக்கொண்டாள். ஆடு மேய்ப்பவளைப் போல நான் விறைத்து நிற்கும் அந்தப் படம் இன்றும் எங்கள் சுவரில் இருக்கிறது. அம்மாவின் புருவத்து முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

'க்ளிக்' சத்தம் கேட்டது. அத்தை கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"எடுத்தாச்சுல்லா, இறக்கு" என்றார் அப்பா.

"பொறுண்ணே, இன்னும் சரியாத் தெரியல."

அம்மா ஜீப்பில் ஏறினாள். ஜீப் வளைவில் மறைந்தது. அப்போதும் அத்தை கேமராவை முகத்தோடு அழுத்திப் பிடித்து வளையத்தைத் திருகிக்கொண்டே நின்றாள். படச்சுருள்தான் தீர்ந்துவிட்டதே, இன்னும் எதைச் சேர்க்கப் பார்க்கிறாள் என்று கம்போடு காத்துக்கொண்டிருந்தேன்.